பணம் இருக்கும்போதே மனம் வேண்டும்: தொழில்கள் மாற்றத்தைத் தாண்டும் விதம்

ஒரு நிறுவனம் வீழ்ந்தால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: காலத்துக்கேற்ப மாறவில்லை. சொல்வதற்கு எளிது, கேட்பதற்கும் சரியாகவே இருக்கும். ஆனால் வீழ்ந்த நிறுவனங்களின் வரலாற்றைச் சற்று உள்ளே போய்ப் பார்த்தால் இந்தப் பதில் போதவில்லை. மாற்றம் வரப்போவது அவற்றில் பலவற்றுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சில இடங்களில் அந்த மாற்றத்தைப் பெற்றெடுத்ததே வீழ்ந்த நிறுவனம்தான். தெரிந்தும் ஏன் மாற முடியவில்லை என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கோவையில் நான்கு லேத் வைத்து பம்ப் உதிரிபாகம் கடைந்து தருபவருக்கும், திருப்பூரில் இருபது தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்பவருக்கும், சிவகாசியில் அச்சகம் நடத்துபவருக்கும் இதே கேள்வி வேறு வேறு உருவில் வந்து நிற்கிறது. அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையோ பெரும்பாலும் 'புதுமை செய்யுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகிறது. எதைப் புதிதாகச் செய்வது, எப்போது, யார் பணத்தில் என்ற பேச்சு எழுவதே இல்லை.

இந்தக் கேள்வியைப் பற்றி அறிஞர்கள் சொன்னதையும், ஜப்பான் முதல் தமிழ்நாடு வரை நிறுவனங்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. மாறுவதற்கான பணம் தொழில் நன்றாக நடக்கும் காலத்தில் கையில் இருக்கிறது. மாற வேண்டும் என்ற மனமோ தொழில் சரியும் காலத்தில்தான் வருகிறது. மனம் வரும்போது பணம் போயிருக்கும். இந்த இடைவெளியைக் குறுக்கத் தெரிந்தவர்களே நிலைத்தார்கள்.

எண்பது ஆண்டுகளின் யோசனை

முதலில் இதைத் தெளிவாகப் பேசியவர் ஆஸ்திரியப் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். 1942இல் வெளிவந்த தம் நூலில், முதலாளித்துவத்தின் இயல்பே பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவதுதான் என்றார். கடைக்காரருக்கு உண்மையான போட்டி பக்கத்துக் கடையின் விலைக்குறைப்பிலிருந்து வருவதில்லை. அந்தக் கடையையே தேவையற்றதாக்கும் புதுப் பொருளிலிருந்தும் புது முறையிலிருந்தும் வருகிறது. அஞ்சல் தந்தி, தட்டச்சுப் பயிலகம், எஸ்டிடி பூத் ஆகியவற்றை அடுத்தடுத்து இழந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஷும்பீட்டர் சொன்னது வெளியே வீசும் புயலைப் பற்றி. நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று காட்டியவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மார்ச். 1991இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை. எந்த அமைப்புக்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்றார் அவர். ஒன்று, தெரிந்ததை இன்னும் நன்றாகச் செய்வது. மற்றொன்று, தெரியாததைத் தேடுவது. முன்னதன் பலன் அருகில் இருக்கிறது, உறுதியாக வருகிறது. பின்னதன் பலன் தொலைவில் இருக்கிறது, வராமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு ஆண்டு வரவுசெலவிலும் தேடலுக்கான பங்கு சிறிது சிறிதாகக் குறைகிறது. யாரும் தவறு செய்வதில்லை. ஒவ்வொரு தீர்மானமும் அன்றைக்குச் சரியாகவே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நிறுவனத்தை ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிடுகின்றன.

1997இல் கிளேட்டன் கிறிஸ்டென்சன் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். கணினி வட்டு இயக்கிகள் 14 அங்குலத்திலிருந்து 8, 5.25, 3.5 என்று சுருங்கியபோது, ஒவ்வொரு கட்டத்திலும் முன்னணி நிறுவனங்கள் பின்தங்கின. காரணம், அவை தம் நல்ல வாடிக்கையாளர்களின் பேச்சைக் கவனமாகக் கேட்டதுதான். பெரிய கணினி வாங்குபவருக்குச் சிறிய வட்டு தேவைப்படவில்லை. அது தேவைப்பட்டவர்கள் அன்று சிறியவர்கள், லாபம் குறைந்தவர்கள். சிறப்பான நிர்வாகமே வீழ்ச்சிக்குக் காரணமாகலாம் என்ற இந்த வாதம் உலகெங்கும் நிர்வாகப் பாடமாயிற்று.

அதை அப்படியே ஏற்கவும் கூடாது. 2014இல் வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர் கிறிஸ்டென்சனின் சான்றுகளைக் கடுமையாக விமர்சித்தார். வீழ்ந்தவை என்று காட்டப்பட்ட நிறுவனங்களில் சில பின்னாளிலும் செழித்ததைச் சுட்டினார். அடுத்த ஆண்டு வேறிரு ஆய்வாளர்கள் கிறிஸ்டென்சன் கையாண்ட 77 எடுத்துக்காட்டுகளை அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கொடுத்துக் கேட்டபோது, பத்தில் ஒன்றுகூடக் கோட்பாட்டின் எல்லாக் கூறுகளோடும் பொருந்தவில்லை. பெரிய நிறுவனம் புதிய தொழில்நுட்பத்தால் வீழ்ந்தே தீரும் என்ற விதி ஏதும் கிடையாது. எனவே வீழ்ந்தவர்களோடு நிலைத்தவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே புயல், இரண்டு கப்பல்கள்

அப்படி ஒப்பிட, கோடக்கையும் ஃபியூஜிஃபிலிமையும் விடப் பொருத்தமான இணை இல்லை. இரண்டும் புகைப்படச் சுருள் தயாரித்தன. இரண்டின் சந்தையையும் ஒரே டிஜிட்டல் அலை அழித்தது.

உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா 1975இல் பிறந்தது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடக்கின் ஆய்வகத்தில். ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய அது மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஒரு படம் 10,000 புள்ளிகளால் ஆனது. அதைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று அமெரிக்கச் சுருள் சந்தையில் பெரும்பகுதி கோடக்கின் கையில் இருந்தது. சுருள், கழுவும் ரசாயனம், அச்சிடும் தாள் என்று மூன்று இடத்திலும் லாபம் வந்தது. சுருளே இல்லாத கேமரா அந்த மூன்றையும் ஒரே வீச்சில் அழிக்கும் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததே தயக்கத்துக்கும் காரணமாயிற்று.

கோடக் சும்மா இருந்துவிட்டது என்று சொல்வதும் நியாயமன்று. டிஜிட்டல் ஆய்வுக்குப் பெரும்பணம் செலவிட்டது. 2001இல் இணையத்தில் படம் பகிரும் ஒரு நிறுவனத்தை வாங்கியது. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்துக்கே வந்தது. ஆனால் கேமரா விற்பதில் லாபம் சொற்பம். சுருளின் லாபத்துக்குப் பழகிய உடம்பு அதில் பிழைக்க முடியவில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஃபியூஜிஃபிலிமின் நிலை தொடக்கத்தில் இதைவிட மேலானது என்று சொல்ல முடியாது. உலகச் சுருள் விற்பனை உச்சம் தொட்ட ஆண்டு 2000. அந்த ஆண்டு அதன் லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புகைப்படத் தொழிலிலிருந்து வந்தது. அப்போது தலைவரான ஷிகெடாகா கொமோரி தம் பொறியாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு கேட்டார். நம்மிடம் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பது கேள்வி அன்று. நமக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்பதே கேள்வி.

பதில் நீளமாக வந்தது. சுருளின் முக்கியப் பொருளான ஜெலட்டின், கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. மனிதத் தோலிலும் இருப்பது அதே கொலாஜன். படம் நிறம் மங்காமல் காக்கும் ரசாயன அறிவு, தோல் மூப்படைவதைத் தடுக்கும் அறிவுக்கு நெருக்கமானது. மிக நுண்ணிய துகள்களை மெல்லிய அடுக்குகளாகப் பூசத் தெரியும். சுருளின் அடித்தாளாகப் பயன்பட்ட படலம், எல்சிடி திரைகளுக்குத் தேவையான பாதுகாப்புப் படலமாக உருமாறும். 2006இல் ஃபியூஜிஃபிலிம் தோல் பராமரிப்புப் பொருள்களை விற்கத் தொடங்கியது. 2008இல் தொயாமா என்ற மருந்து நிறுவனத்தை வாங்கியது. எல்சிடி படலம் பெருந்தொழிலாக வளர்ந்தது. புகைப்படப் பிரிவில் சுமார் 5,000 பேரின் வேலை போயிற்று. வலியற்ற மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் நிறுவனம் நிலைத்தது.

இந்த ஒப்பீட்டில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. கோடக்கிடமும் அதே கதவுகள் இருந்தன. அதன் ரசாயனப் பிரிவு உலகத் தரமானது; அது 1994இல் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 1988இல் வாங்கிய மருந்துத் தொழிலையும் அதே 1994இல் விற்றார்கள். மருத்துவப் படப்பிடிப்புப் பிரிவு 2007இல் கைமாறியது. கேமராவும் படமும்தான் நம் தொழில் என்று உறுதிகொண்டு, மற்றதையெல்லாம் கழற்றிவிட்டது கோடக். ஃபியூஜியோ தன் பொருளைக் கைவிட்டுத் தன் திறமையைப் பிடித்துக்கொண்டது. அதுவும் சுருளின் வருமானம் உச்சத்தில் இருந்தபோதே அந்தக் கணக்கைத் தொடங்கியது. பணமும் மனமும் ஒரே நேரத்தில் கூடிய அரிய தருணம் அது.

கெட்ட செய்தி மேலே போகாத வீடு

எதை விடுவது என்று தீர்மானிக்க, உள்ளதை உள்ளபடி அறிய வேண்டும். இந்த இடத்தில் சறுக்கியது நோக்கியா. 1865இல் ஃபின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, ரப்பர், கேபிள், தொலைக்காட்சி என்று பலமுறை தன்னை மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. மாறத் தெரியாத நிறுவனம் என்று அதை யாரும் சொல்ல முடியாது. 2008 வாக்கில் உலகில் விற்ற கைப்பேசிகளில் பத்தில் நான்கு அதனுடையவை. 2014 ஏப்ரலில் அந்தத் தொழிலே மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய்விட்டது.

டிமோ வூரி, குய் ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் நோக்கியாவின் மேலாளர்களையும் பொறியாளர்களையும் சந்தித்து நடத்திய ஆய்வு, நிறுவனத்தின் உள்ளே பரவியிருந்த அச்சத்தைக் காட்டியது. மேல்மட்டத்தினர் ஆப்பிளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் அஞ்சினார்கள். நடுமட்டத்தினர் மேல்மட்டத்துக்கு அஞ்சினார்கள். தங்கள் இயங்குதளமான சிம்பியன் தொடுதிரைக் கைப்பேசிக்கு ஈடுகொடுக்காது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் முடியாது என்று சொன்னவர் திறமையற்றவராகப் பார்க்கப்பட்டார். ஆகவே முடியும் என்ற சொல்லே மேலே போனது. மேலிருந்தவர்கள் அதை நம்பித் தேதி குறித்தார்கள்.

நம்மூர்க் குடும்பத் தொழில்களில் இந்த நோய் இன்னும் எளிதாகப் பற்றும். முதலாளி அப்பாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கையில், சரக்கு தேங்குகிறது என்று சொல்வது கணக்கு விஷயமாக நிற்பதில்லை, மரியாதை விஷயமாகிவிடுகிறது. முப்பது வருடம் கூடவே இருந்த மேஸ்திரிக்குக் குறை தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்குக் கேடு வராது என்ற நம்பிக்கையே மாற்றத்துக்கான முதல் முதலீடு. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதால்தான் அதை யாரும் முதலீடாக மதிப்பதில்லை.

இயந்திரம் வந்துவிடும், பழக்கம் வராது

அடுத்தவரிடமிருந்து கற்பதும் புதுமையின் ஒரு வழிதான். ஆனால் எதைக் கற்பது? கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, வேலைக்கு வராமை, தகராறு, தரக்குறைவு ஆகியவற்றுக்குப் பேர்போனது. 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக அதே கட்டடம் மீண்டும் திறந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. ஓரிரு ஆண்டுகளில் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானுக்கு நிகராயிற்று. குறை தெரிந்தால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது. நிறுத்தியவரைத் திட்டாமல், மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவினார். கயிறு வாங்க எந்த ஆலையாலும் முடியும். நிறுத்தியவரை நம்பும் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுசெல்லப் பல ஆண்டுகள் திணறியது. 2009இல் திவாலானது.

இந்தப் பழக்கத்தை முறையாகக் கற்ற இந்திய நிறுவனங்களில் முன்னே நிற்பது சென்னைப் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன். 1991க்குப் பிறகு இறக்குமதித் தடைச்சுவர்கள் இடியத் தொடங்கியபோது, அதன் பிரேக் பிரிவு ஜப்பானியத் தர நெறிகளை ஆண்டுக்கணக்கில் பயின்று, 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

சுந்தரம் கிளேட்டன் சார்ந்த குழுமத்தின் டிவிஎஸ் மோட்டார் 2001இல் சுஸுகியிடமிருந்து பிரிந்தது. ஜப்பானியக் கூட்டாளி போனபின் ஓசூரில் வண்டி தயாரிக்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. சொந்த ஆய்வுப் பிரிவில் வடிவமைத்த விக்டர் அதே ஆண்டு சாலைக்கு வந்தது. மறு ஆண்டு டெமிங் பரிசும் வந்தது. வெளி அறிவை உள்வாங்கும் ஆற்றல், உள்ளே ஏற்கெனவே சேர்த்துவைத்த அறிவைப் பொறுத்தது என்று வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் 1990இல் எழுதினார்கள். கூட்டாளி இருந்த காலத்திலேயே படித்துவைத்தவருக்குத்தான் கூட்டாளி போனபின் கை நடுங்காது.

மாறாமல் இருக்கவும் தீர்மானம் வேண்டும்

மாற்றம் என்றாலே எல்லாவற்றையும் மாற்றுவது என்று எண்ணுபவர்களுக்கு ராயல் என்ஃபீல்டு நல்ல மறுப்பு. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் நடந்த தொழில் இது. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் புல்லட் இங்கே உருவாகிக்கொண்டிருந்தது. ஐஷர் குழுமம் 1994இல் இதை வாங்கியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாதம் சுமார் 2,000 வண்டிகளே விற்றன. மூடிவிடலாமா என்ற யோசனை எழுந்தது. அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் ஒரு வாய்ப்புக் கேட்டுப் பொறுப்பேற்றார்.

புல்லட் பிரியர்களிடம் அந்த வண்டியின் எல்லாக் குறைகளும் பெருமைகளாகவே பேசப்பட்டன: ஒழுகும் எண்ணெய், வலப்பக்க கியர், உதைத்து உதைத்துக் கிளப்பும் வித்தை. இவற்றில் எது வண்டியின் உயிர், எது வெறும் தொல்லை என்று பிரித்தறிவதே சவாலாக இருந்தது. உருவமும் நிதானமும் உயிர் என்று முடிவாயின. அவை தொடப்படவில்லை. எஞ்சின் முழுதும் புதிதாயிற்று, கியர் இடப்பக்கம் போனது, பொத்தானை அழுத்தினால் கிளம்பியது. பழைய பிரியர்களில் சிலர் வருந்தினார்கள். 2009இல் வந்த கிளாசிக், பழைய தோற்றத்துக்குள் புதிய எஞ்சினை வைத்தது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது. 2024–25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

இதற்குப் பின்னே ஒரு துறவும் இருந்தது. டிராக்டர், காலணி என்று பதினைந்து தொழில்களில் பரவியிருந்த ஐஷர், அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. அதன் டிராக்டர் தொழில் 2005இல் சென்னையின் டாஃபே நிறுவனத்துக்குச் சென்றது. பணத்தையும் கவனத்தையும் இரண்டே தொழில்களில் குவித்தார்கள். கோடக்கும் பலவற்றை விற்றது, ஐஷரும் பலவற்றை விற்றது, முடிவுகள் நேரெதிர். விற்றதில் தவறோ சரியோ இல்லை. கையில் வைத்துக்கொண்டதற்கு எதிர்காலம் இருந்ததா என்பதே வேறுபாடு.

ஊர் முழுதும் ஒரு தொழில்

இதுவரை சொன்னவை தனி நிறுவனங்கள். தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு, ஊர் ஊராகத் தொழில் கற்றதில் இருக்கிறது. 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். அதன்பின் நடந்ததை ஃபியூஜியின் கணக்கெடுப்போடு ஒப்பிடலாம். தீக்குச்சி மருந்து தெரிந்த கை மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் போனது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி என்று தொழில் கிளைத்தது. யாரும் ஆலோசகரை வைத்துத் திட்டம் தீட்டவில்லை. செய்யத் தெரிந்த ஒன்றிலிருந்து பக்கத்தில் இருக்கும் மற்றொன்றுக்குப் போனார்கள். மழை குறைந்த கரிசல் பூமியில் ஒரே தொழிலை நம்பினால் போதாது என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

அந்த ஊருக்கு இன்று சோதனைக்காலம். லைட்டர்களால் தீப்பெட்டிச் சந்தை சுருங்குகிறது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்து, பேரியம் உப்புகளுக்குத் தடைவிதித்தது. நீரி ஆய்வு நிறுவனத்தின் கலவை முறைகளைக் கற்று மாறிய ஆலைகள் உண்டு. ஆனால் சோதனைக்கூடமும் வேதியியலரும் இல்லாத சிறு ஆலைக்கு அந்த மாற்றம் மலை. மாறும் விருப்பம் இருந்தும், மாறும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

திருப்பூர் இன்னும் பெரிய பாடம். உள்ளாடை பனியனில் தொடங்கிய ஊர், 1980களில் ஏற்றுமதி டீ-சர்ட்டுக்குத் திரும்பியது. நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வேலை பல பட்டறைகளில் பிரிந்து நடப்பதால், சிறிய முதலோடு நுழையவும் பெரிய ஆர்டரைச் சேர்ந்து முடிக்கவும் முடிந்தது. விவசாயத்தை விட்டு வந்து, பனியன் கம்பெனியில் கைவேலை பார்த்து, பின் முதலாளியான கவுண்டர் சமூகத்தவரின் எழுச்சியை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். 2005இல் உலக ஆடை வணிகத்தின் கோட்டா முறை முடிந்தபோது சீனாவோடும் வங்கதேசத்தோடும் நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. அதையும் ஊர் தாங்கியது.

ஆனால் இந்த வளர்ச்சியின் கடனை நொய்யல் ஆறு சுமந்தது. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பல முதலாளிகள் கடனில் மூழ்கினார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பிறகே, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை உண்மையில் நிலைகொண்டது. இன்று நீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திரும்ப எடுக்கிறார்கள், உப்பையும் மீட்கிறார்கள். சுற்றுச்சூழல் சான்று கேட்கும் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் திருப்பூர் பெருமையாகக் காட்டுவது இதைத்தான்.

எது சுமை என்று எதிர்க்கப்பட்டதோ அதுவே இன்று போட்டியில் பலமாக நிற்கிறது. ஆர்டர் குவிந்த 1990களிலேயே இதைத் தொடங்கியிருந்தால் பட்டறைகளும் பிழைத்திருக்கும், நிலமும் பிழைத்திருக்கும். பணம் இருந்த காலத்தில் மனம் வரவில்லை. நீதிமன்றம் வந்தபின் வந்தது. இப்போதும் ஊர் பருத்தியையே பெரிதும் நம்பியிருக்கிறது. உலகச் சந்தையோ செயற்கை இழை ஆடையின் பக்கம் சாய்ந்து வெகுகாலமாகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே நாட்டு வாடிக்கையாளரைச் சார்ந்திருந்த கம்பெனிகள் திகைத்தன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர், புதிய இழைக்கும் புதிய சந்தைக்கும் நல்ல நாளிலேயே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செலவை யார் சுமப்பது?

புதுமையைக் கொண்டாடும் எழுத்துகள் வழக்கமாகத் தவிர்க்கும் கேள்வி இது. கடலூரில் பிறந்த ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக இருந்து காட்டிய சாஷே வழியை, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய தொழிலில் பெரிதாக்கினார். பாட்டில் வாங்க முடியாத குடும்பங்களுக்குச் சிக் ஷாம்பு போனது; காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதியது இலவசம் என்று விற்றார்கள்; 1999இல் விலை ஐம்பது காசாயிற்று. ஏழையை வாடிக்கையாளராக மதித்த அருமையான புதுமை அது. பன்னாட்டு நிறுவனங்களே அந்த வழியைப் பின்பற்றின. ஆனால் அந்த வழியில் வந்த கோடிக்கணக்கான பல அடுக்கு உறைகளை மறுசுழற்சி செய்வது கடினம். அவை கிராமத்து வாய்க்காலில் கிடக்கின்றன. லாபம் விற்றவர்களுக்கு, குப்பை ஊராட்சிக்கு என்ற கணக்கு இன்னும் நேராகவில்லை.

நோக்கியாவுக்கும் இங்கே ஒரு கிளைக்கதை இருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த அதன் ஆலை, சுற்றுவட்டார இளைஞர்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோருக்கு முதல் மாதச் சம்பளத்தைத் தந்தது. வரி வழக்கால் மைக்ரோசாஃப்ட் விற்பனையிலிருந்து அது விலக்கப்பட்டது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. நோக்கியா தொலைத்தொடர்பு வலையமைப்புத் தொழிலுக்கு மாறி இன்றும் இருக்கிறது. நிறுவனம் தன்னை மாற்றிக்கொண்டது. இருபத்தைந்து வயதில் வேலை இழந்த பெண்ணுக்கு மாறிக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லை. பின்னாளில் அதே வளாகத்தில் வேறொரு மின்னணு நிறுவனம் உற்பத்தி தொடங்கியது உண்மை. இடையே போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. தொழிலாளியின் மறுபயிற்சியும் நிறுவனத்தின் மாற்றத் திட்டத்தில் ஒரு செலவாக எழுதப்பட வேண்டும்.

முடிவாக

இத்தனை வரலாறுகளிலிருந்தும் ஒரே சூத்திரம் கிடைக்காது. ஆனால் நான்கு செயல்களைத் துணிந்து சொல்லலாம். முதலாவது, விற்கும் பொருளின் பட்டியலுக்குப் பக்கத்தில், செய்யத் தெரிந்த திறமைகளின் பட்டியலையும் எழுதிவைக்க வேண்டும். பொருள் சாகும்; திறமை இடம் மாறிப் பிழைக்கும். இரண்டாவது, குறையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பும் மதிப்பும் வேண்டும். மூன்றாவது, லாபம் வரும் ஆண்டுகளிலேயே அதில் ஒரு பங்கைத் தேடலுக்கென்று எடுத்துவைத்து, எந்த அவசரத்துக்கும் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். நான்காவது, மாற்றத்தின் செலவை ஆற்றின் மீதோ தொழிலாளியின் மீதோ தள்ளக்கூடாது. தள்ளிய கடன் வட்டியோடு திரும்பும் என்பதைத் திருப்பூர் அனுபவித்துவிட்டது.

இதில் மூன்றாவதைப் பெரிய நிறுவனம் தனியாகச் செய்யும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் முடியாது. அதற்குத்தான் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் அரசும் இருக்கின்றன. பொதுச் சோதனைக்கூடம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், புது இழைக்கும் புது எந்திரத்துக்கும் பயிற்சி ஆகியவற்றை நெருக்கடி வந்தபின் நிவாரணமாகக் கொடுப்பதைவிட, தொழில் செழிக்கும் காலத்தில் அடித்தளமாகக் கட்டுவது மலிவானது, மனிதத்தன்மையும் உள்ளது. சிவகாசியின் சிறு ஆலையும் ஓசூரின் பெரிய ஆலையும் ஒரே சந்தையில் ஒரே விதிகளுக்கு உட்பட்டுத்தான் நிற்கின்றன. மாறுவதற்கான வசதியும் இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.